நாற்காலி ஆசையும் வியட்நாம் ரத்தமும்

“வெளிநாட்டுக் கொள்கையா? அது பெரிய படிப்புப் படித்தவர்கள் பேச வேண்டிய சமாசாரம். வயலில் கதிர் அறுக்கிறவனுக்கும் மில்லில் கதிர் ஓட்டுகிறவனுக்கும் அதில் என்ன வேலை?”

இப்படிக் கேட்கும் கனவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தேசத்தின் மானம், உலக சமாதானம், சுதந்திரத்தின் பாதுகாப்பு ஆகிய எல்லாவற்றையும் தராசில் வைத்து எடைபோட்டுப் பார்த்த பிறகுதான் தலைவர்கள் யுத்தமா சமாதானமா என்று முடிவு செய்கிறார்கள் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

நாம் நம்ப மறுக்கிறோம். காரணத்தோடுதான் மறுக்கிறோம்.

அமெரிக்கா நடத்திய வியட்நாம் யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஏன் எடுக்க வேண்டும்? அந்த யுத்தத்தை நடத்திய ஜனாதிபதிகள் தங்கள் அறையில் பேசிய பேச்சைத் தாங்களே ஒலிநாடாவில் பதிந்து வைத்தார்கள். அவர்களுடைய காரியஸ்தர்கள் டயரி எழுதினார்கள். சிலர் மஞ்சள் காகிதத்தில் குறிப்பு எடுத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி இன்று வெளிவந்துவிட்டது. ஆகவே நாம் ஊகம் பேச வேண்டியதில்லை. குற்றவாளிகளின் வாக்குமூலமே கையில் இருக்கிறது.

அந்த வாக்குமூலத்தைப் படித்தால் என்ன தெரிகிறது? வியட்நாமில் குண்டு எப்போது விழ வேண்டும், எப்போது நிற்க வேண்டும், சிப்பாய்கள் எப்போது வீடு திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் வியட்நாமின் பூகோளப் படத்தை மட்டும் பார்க்கவில்லை. அமெரிக்கத் தேர்தல் காலண்டரையும் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தார்கள்!

பயம் பிறந்த இடம்

1949 இல் சீன மக்கள் சியாங் கை ஷேக்கின் ஆட்சியை விரட்டி அடித்தார்கள். உடனே அமெரிக்காவில் ஒரு கூச்சல் கிளம்பியது: “சீனாவைத் தொலைத்தது யார்?” சீனா என்ன, அமெரிக்க முதலாளியின் சட்டைப்பையில் கிடந்த சில்லறையா தொலைந்துபோவதற்கு? ஆனால் அந்தக் கேள்வியில் அர்த்தம் தேடக் கூடாது. அதன் உபயோகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆட்சியில் இருந்தது ஜனநாயகக் கட்சி. எதிரே நின்றது குடியரசுக் கட்சி. நாற்காலியைப் பிடுங்க அவர்களுக்கு ஒரு தடி தேவைப்பட்டது. சீனா அந்தத் தடி ஆயிற்று.

1950 இல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, சர்க்கார் இலாகாக்களில் கம்யூனிஸ்டுகள் நிறைந்து கிடப்பதாகப் பட்டியலை ஆட்டிக் காட்டினார். ஒரே நாளில் நாடறிந்த தலைவரானார். அதே 1950 இல் கலிபோர்னியாவில் செனட் தேர்தலுக்கு நின்றார் ரிச்சர்டு நிக்சன் என்ற இளம் வக்கீல். எதிர்த்து நின்ற ஹெலன் ககாகன் டக்ளஸ் அம்மையார் மீது சிவப்புச் சாயம் பூசினார். ஜெயித்தார். 1952 இல், 39 வயதிலேயே, உப ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வெள்ளை மாளிகையைப் பறிகொடுத்தது.

இதிலிருந்து இரு கட்சித் தலைவர்களும் ஒரு பாடம் படித்தார்கள். ஆசியாவில் ஒரு துண்டு நிலம் சிவப்பானாலும் இங்கே நம் நாற்காலி போய்விடும் என்பதே அந்தப் பாடம். அந்தத் துண்டு நிலத்தில் வாழ்கிற குடியானவனுக்கு என்ன வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

மேடையில் சமாதானம், மேசையில் யுத்தம்

1964. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். நவம்பரில் தேர்தல்.

மே 27 அன்று அவர் தன்னுடைய ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியுடன் டெலிபோனில் பேசுகிறார். வியட்நாம், சண்டை போடத் தகுந்த விஷயமாகத் தனக்குப் படவில்லை என்கிறார். ஆனால் வெளியேறவும் முடியாது என்கிறார். யுத்தத்தில் நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம் என்று தானே சொல்கிறார். தன்னிடம் வேலை பார்க்கும் ஒரு சார்ஜண்டை நினைத்துப் பார்க்கிறார். 6 குழந்தைகளுக்குத் தகப்பன். அவனை எதற்காக அங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். அதே நாளில் செனட்டர் ரிச்சர்டு ரஸ்ஸலிடம் பேசும்போது பயம் வெளிப்படுகிறது: வியட்நாமை விட்டு ஓடிவரும் ஜனாதிபதியைப் பதவியிலிருந்தே இறக்கிவிடுவார்களே!

தோழர்களே, இதைக் கவனியுங்கள். இந்த மனிதர் அறியாதவர் அல்ல. யுத்தம் வீண் என்பது அவருக்குத் தெரியும். சாகப்போகிறவனுக்கு 6 குழந்தைகள் என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்தார். தராசின் ஒரு தட்டில் அந்த 6 குழந்தைகள். மறு தட்டில் ஒரு நாற்காலி. நாற்காலி கனத்தது.

ஆகஸ்டு 2 அன்று டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுடன் வட வியட்நாம் படகுகள் மோதின. 4 ஆம் தேதி இரண்டாவது தடவை தாக்கினார்கள் என்று ஜான்சன் அன்றிரவே டெலிவிஷனில் தோன்றி முழங்கினார். அப்படி ஒரு இரண்டாவது தாக்குதலே நடக்கவில்லை என்பதை 2005 இல் அமெரிக்க உளவு இலாகா வெளியிட்ட அதன் சொந்த ஆராய்ச்சியே ஒப்புக்கொண்டது. ஆனால் 1964 ஆகஸ்டு 7 அன்று, நடக்காத தாக்குதலுக்குப் பதிலடியாக, ஜனாதிபதி இஷ்டம்போல் யுத்தம் நடத்தலாம் என்று அமெரிக்கப் பார்லிமெண்டு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. கீழ்ச்சபையில் 416 பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. செனட்டில் 88 ஆதரவு, 2 எதிர்ப்பு. தேர்தல் வருடத்தில் கொடிக்கு எதிராகக் கை தூக்கியவன் என்று பெயர் வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இன்னொரு பக்கம் பாருங்கள். ஜான்சனை எதிர்த்து நின்ற கோல்டுவாட்டர் பச்சையான யுத்த வெறியர். ஆகவே ஜான்சன் தேர்தல் மேடையில் சமாதானப் புறாவாக வேஷம் கட்டினார். ஒரு சிறுமி பூவிதழ்களைப் பிய்த்து எண்ணிக்கொண்டிருக்க, அணுகுண்டு வெடித்து எல்லாம் மறைந்துபோகும் விளம்பரத்தை அவருடைய ஆட்கள் செப்டம்பரில் டெலிவிஷனில் காட்டினார்கள். அக்டோபர் 21 அன்று ஓஹியோ ராஜ்யத்தின் ஆக்ரன் நகரில் ஜான்சன் வாக்குக் கொடுத்தார்: ஆசிய இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய 9,000, 10,000 மைல் தொலைவுக்கு அமெரிக்க இளைஞர்களை அனுப்பப் போவதில்லை!

ஜனங்கள் நம்பினார்கள். 100க்கு 61 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாயிற்று. 1965 மார்ச் 2 அன்று வட வியட்நாம் மீது ஓயாத குண்டு வீச்சு தொடங்கியது. மார்ச் 8 அன்று 3,500 அமெரிக்கச் சிப்பாய்கள் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அங்கே இருந்த அமெரிக்கப் படை 1,80,000க்கும் மேல்!

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. 1965, 1966 இல் மழை பொய்த்தது. 1966 இல் மட்டும் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அந்தக் கோதுமைக் கப்பலை மாதா மாதம் தன் கையாலேயே அவிழ்த்துவிடும் வேலையை ஜான்சன் வைத்துக்கொண்டார். விவசாயக் கொள்கையைத் தான் சொன்னபடி மாற்று என்ற நிர்ப்பந்தம் ஒன்று. வியட்நாம் குண்டு வீச்சை இந்தியா கண்டித்துப் பேசுகிறதே என்ற கோபம் இன்னொன்று. பீகாரில் பஞ்சம் தலைவிரித்து ஆடிய காலம் அது. வெளிநாட்டுக் கொள்கைக்கும் கூலிக்காரனின் கஞ்சிக் கலயத்துக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாராவது சொன்னால், இந்தக் கோதுமைக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

ஒரே ஆள், மூன்று முகம்

ஜான்சனின் உப ஜனாதிபதி ஹூபர்ட் ஹம்ப்ரி. நல்லவர் என்று பெயர் எடுத்தவர். கறுப்பின மக்களின் உரிமைக்குப் பேசியவர். 1965 பிப்ரவரியில் அவர் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இந்த யுத்தத்தை விரிவாக்க வேண்டாம். ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல முடியாது என்று எச்சரித்தார். சரியான பேச்சு!

நடந்தது என்ன? ஜான்சன் அவரை ஆலோசனைக் கூட்டங்களிலிருந்து ஒதுக்கி வைத்தார். கதவுக்கு வெளியே நிற்க ஹம்ப்ரிக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் ஊர் ஊராகச் சென்று அதே யுத்தத்துக்குத் தண்டோரா போட்டார். திரும்ப உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். 1968 இல் அவரே ஜனாதிபதி வேட்பாளர். யுத்தத்தை வெறுத்த ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கூச்சல் போட்டார்கள். ஓட்டு நழுவுவதைக் கண்டதும், செப்டம்பர் 30 அன்று, குண்டு வீச்சை நிறுத்தத் தயார் என்று அறிவித்தார்.

1965 ஆரம்பத்தில் ஒரு பேச்சு. 1966 இல் ஒரு பேச்சு. 1968 இல் ஒரு பேச்சு. இடையில் மாறியது என்ன? வியட்நாமில் நெல் விளையும் மண் மாறவில்லை. குண்டுக்குச் சாகும் குழந்தை மாறவில்லை. ஹம்ப்ரிக்கும் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரம்தான் மாறியது!

சமாதானத்துக்கு முட்டுக்கட்டை போட்ட கை

இனி நிக்சன். 1968 இல் அவர் குடியரசுக் கட்சி வேட்பாளர். யுத்தத்தை முடித்து சமாதானம் கொண்டுவருவேன் என்று ஊரெங்கும் பேசினார்.

அந்த அக்டோபரில் பாரிஸ் நகரப் பேச்சுவார்த்தையில் ஒரு வழி திறந்தது. ஜான்சன் குண்டு வீச்சை நிறுத்துவது, எல்லாத் தரப்பும் மேசைக்கு வருவது என்று ஏற்பாடு உருவாயிற்று. அக்டோபர் 31 அன்று ஜான்சன் அதை அறிவித்தார். நவம்பர் 5 தேர்தல். சமாதானம் நெருங்கினால் ஹம்ப்ரிக்கு ஓட்டு விழும். நிக்சனுக்கு இடி விழும்.

சமாதானம் வேண்டும் என்று மேடையில் பேசியவர் என்ன செய்தார்? அன்னா செனால்ட் என்ற பணக்கார அம்மையார் குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்டித் தருபவர். அவர் மூலமாகத் தென் வியட்நாம் தூதருக்குச் சேதி போய்க்கொண்டிருந்தது: பொறுத்திருங்கள், நாங்கள் ஜெயிக்கப் போகிறோம். அமெரிக்கப் போலீஸ் இலாகா ஒட்டுக்கேட்ட பேச்சில் இது பதிவாகி இருக்கிறது. நவம்பர் 2 அன்று தென் வியட்நாம் சர்வாதிகாரி தியூ, பாரிசுக்கு வர முடியாது என்று கையை விரித்தார். ஜான்சன் அன்றே குடியரசுக் கட்சித் தலைவர் ஒருவரிடம் டெலிபோனில், இது தேசத் துரோகம் என்று சீறினார். மறுநாள் நிக்சன் அதே ஜான்சனைக் கூப்பிட்டு, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சாதித்தார். நவம்பர் 5 அன்று சுமார் 5 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சாகும்வரை நிக்சன் இதை மறுத்தார். ஆனால் காகிதம் பொய் சொல்லாது. நிக்சனின் வலது கையான ஹால்டெமன் 1968 அக்டோபர் 22 அன்று அவர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு, நிக்சன் செத்து 20 வருடங்களுக்கு மேல் கழித்து, 2016 கடைசியில் வெளிவந்தது. செனால்ட் அம்மையாரைத் தொடர்ந்து வேலையில் வைத்திரு, பேச்சுவார்த்தை இயந்திரத்தில் கட்டையைச் செருக வேறு வழி உண்டா பார் என்பதே அதன் சாரம்.

ஜான்சன் ஏன் இதை அன்றே ஊரறியச் சொல்லவில்லை? ஒட்டுக்கேட்ட குட்டு வெளிப்படும் என்ற பயம். ஆதாரத்தை ஓர் உறைக்குள் போட்டு, 50 வருடங்களுக்குப் பிரிக்கக் கூடாது என்று எழுதி நூலகத்தில் பூட்டி வைத்தார்கள். 1994 இல்தான் அது பிரிக்கப்பட்டது. சாகப்போகிற சிப்பாயின் தாய்க்கு மட்டும் அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது!

தியூவுக்குச் சொந்தக் காரணங்களும் இருந்தன. பேச்சு நடந்திருந்தாலும் சமாதானம் அன்றே வந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்று சிலர் வாதாடுகிறார்கள். இருக்கலாம். எரிகிற வீட்டை அணைக்கத் தண்ணீர் கொண்டு போகிறவனின் குடத்தை ஒருவன் உடைக்கிறான். அந்தக் குடத்துத் தண்ணீரால் தீ அணைந்திருக்குமா என்ற விவாதம் பிறகு. உடைத்தவனை முதலில் என்னவென்று அழைப்பது?

தேர்தலுக்கு முன் முடியக் கூடாதாம்!

நாற்காலி கிடைத்த பிறகாவது யுத்தம் முடிந்ததா? 1970 டிசம்பர் 21 அன்று ஹால்டெமன் தன் டயரியில் எழுதுகிறார். சிப்பாய்களை 1971 முடிவுக்குள் திருப்பி அழைப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. ஆலோசகர் ஹென்றி கிஸிங்கர் வேண்டாம் என்கிறார். ஏன்? 1971 இல் வெளியேறினால் 1972 இல் தென் வியட்நாமில் நிலைமை சரியத் தொடங்கும்; தேர்தலில் நாம் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே 1972 முடிவில் வெளியேறுவோம், தேர்தல் முடிந்திருக்கும்!

இதைவிடப் பச்சையாக யாரால் எழுத முடியும்? நெல் விற்கும் வியாபாரி விலை ஏறும்வரை மூட்டையைக் கிடங்கில் போட்டு வைப்பான். இவர்கள் மனிதர்களைப் போட்டு வைத்தார்கள், பதுங்கு குழியில்.

1972 ஆகஸ்டு 3 அன்று வெள்ளை மாளிகையில் நிக்சனும் கிஸிங்கரும் பேசியது ஒலிநாடாவில் இருக்கிறது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ தென் வியட்நாம் விழாமல் தாங்கும்படி ஒரு சூத்திரம் வேண்டும் என்கிறார் கிஸிங்கர். அந்த அக்டோபரில் ஒப்பந்தம் செய்தால், 1974 ஜனவரிக்குள் வியட்நாமைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள் என்று தைரியம் சொல்கிறார்.

அக்டோபர் 26 அன்று, தேர்தலுக்கு 12 நாட்களுக்கு முன், சமாதானம் கைக்கு எட்டிவிட்டது என்று கிஸிங்கர் அறிவித்தார். நவம்பர் 7 அன்று நிக்சன் 49 ராஜ்யங்களில் ஜெயித்தார். டிசம்பர் 18 அன்று ஹனோய், ஹைபாங் நகரங்கள் மீது மறுபடி குண்டு மழை! ராட்சச விமானங்கள் 29 ஆம் தேதிவரை பொழிந்தன. பாக் மாய் ஆஸ்பத்திரி இடிந்தது. காம் தியென் தெரு தரைமட்டமானது. 1,600க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டதாக வியட்நாம் தரப்பு கணக்குச் சொல்கிறது. 1973 ஜனவரி 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த வருடமே கிஸிங்கருக்கு நோபல் சமாதானப் பரிசு! கூடப் பரிசு அறிவிக்கப்பட்ட வியட்நாமின் லே டுக் தோ, நாட்டில் இன்னும் சமாதானம் வரவில்லை என்று அதை வாங்க மறுத்தார்.

நடுவில் இன்னொரு வேடிக்கை. கம்யூனிஸ்டுகளை எதிர்த்தே பதவிப் படியேறிய அதே நிக்சன், 1972 பிப்ரவரியில் பீகிங் சென்று மாவோவோடு கை குலுக்கினார். டெலிவிஷன் காமிராக்கள் கூடவே போயின. இரு நாடுகள் பேசிக்கொள்வது நல்லதே. நாம் அதைக் குறை சொல்லவில்லை. 1950 இல் சிவப்புச் சாயம் பூசி ஓர் அம்மையாரின் வாழ்க்கையைக் கெடுத்தது எதற்காக என்றுதான் கேட்கிறோம். அன்று சீனா மீது பகை ஓட்டுக் கொடுத்தது. 1972 இல் சீனாவோடு கைகுலுக்கல் ஓட்டுக் கொடுத்தது. கொள்கை எங்கே?

யார் செத்தார்கள்?

1995 இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கின்படி சுமார் 20 லட்சம் பொதுமக்களும் 11 லட்சம் போராளிகளும் மாண்டார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் 58,000 பேருக்கு மேல். அதில் 20,000 பேருக்கு மேல் செத்தது, சமாதானம் கொண்டுவருவேன் என்று சொன்ன நிக்சன் 1969 ஜனவரியில் பதவி ஏற்ற பிறகு.

அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. காலேஜில் படிக்கிறவனுக்குத் தவணை கிடைத்தது. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்கு டாக்டர் சர்டிபிகேட் கிடைத்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், சிறு குடியானவன் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள். எதிரே நின்றவன் யார்? முழங்கால் தண்ணீரில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடியானவன். நம்மைப் போன்றவர்களைக் கொல்ல நம்மைப் போன்றவர்களையே அனுப்பினார்கள்!

பெல்ட்டும் எஞ்சினும்

“எல்லாம் தனி மனிதனின் பதவி ஆசை என்று சொல்லிவிட்டால், முதலாளித்துவம், ஏகாதிபத்தியம் என்பதெல்லாம் என்ன ஆயிற்று?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பழைய மில்லில் எஞ்சின் ஒரு மூலையில் இருக்கும். மேலே ஷாப்ட் ஓடும். அதிலிருந்து பெல்ட் இறங்கி மிஷினைச் சுழற்றும். பெல்ட் தானாகச் சுற்றுவதில்லை. ஆனால் பெல்ட் இல்லாமல் எஞ்சினின் பலம் மிஷினுக்கு வராது. பதவி ஆசை அந்தப் பெல்ட். ஆயுதக் கம்பெனிகளும், வெளிநாட்டுச் சந்தை தேடும் பெருமுதலாளிகளும் எஞ்சின். இது நம் கற்பனை அல்ல. ராணுவத் தளபதியாக இருந்து ஜனாதிபதியான ஐசன்ஹோவரே, 1961 ஜனவரி 17 அன்று பதவி விட்டு இறங்கும்போது, ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்த கூட்டு நாட்டையே ஆட்டி வைக்கும் அபாயம் இருக்கிறது என்று எச்சரித்தார். நாற்காலியில் இருந்த 8 வருடங்களில் அந்தக் கூட்டு வளர்ந்துகொண்டே போனது. இறங்கும் வேளையில்தான் இவ்வளவு பச்சையாகச் சொல்ல வாய் வந்தது!

பெல்ட்டை மாற்றினால் எஞ்சின் மாறாது. ஜான்சன் போய் நிக்சன் வந்தார், யுத்தம் நிற்கவில்லை. இதை மறக்காமல் இருப்போம்.

2002: அதே வியாபாரம்

“அது பழைய கதை” என்பீர்களா? 2002 செப்டம்பரில் ஈராக் மீது யுத்தம் தொடுக்க ஜனாதிபதி புஷ் ஆட்கள் பிரசாரம் தொடங்கினார்கள். ஏன் ஆகஸ்டிலேயே தொடங்கவில்லை என்று கேட்டதற்கு, வெள்ளை மாளிகையின் நிர்வாகத் தலைவர் ஆண்ட்ரூ கார்டு, சந்தை நியாயப்படி புதுச் சரக்கை ஆகஸ்டில் இறக்கமாட்டார்கள் என்று பதில் சொன்னார். யுத்தம் அவருக்குச் சரக்கு!

அக்டோபர் 10, 11 தேதிகளில் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு. நவம்பர் 5 தேர்தல். கீழ்ச்சபையில் 296க்கு 133. செனட்டில் 77க்கு 23. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கெர்ரி, எட்வர்ட்ஸ், லீபர்மன், ஹிலாரி கிளிண்டன், பைடன் ஐந்து பேரும் யுத்தத்துக்குக் கை தூக்கினார்கள். ஐந்து பேரும் அடுத்த 6 வருடங்களுக்குள் ஜனாதிபதி வேட்பாளராகக் களத்தில் இறங்கியவர்கள். 1991 இல் வளைகுடா யுத்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட கெர்ரி, 2002 இல் ஆதரித்து ஓட்டுப் போட்டார். 2003 இல் படை எடுத்தார்கள். பேரழிவு ஆயுதம் ஒன்றும் அகப்படவில்லை. ஈராக்கியர்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். யுத்தம் அலுத்துப்போனதும் எட்வர்ட்ஸ், 2005 நவம்பரில், தன் ஓட்டுத் தவறு என்று எழுதினார். செத்தவன் எழுந்து வந்து மன்னிப்பை ஏற்றுக்கொள்வானா?

ஆசையை வழிக்குக் கொண்டுவந்தவர்கள்

எல்லா அரசியல்வாதியும் இப்படித்தானா? இல்லை. 1964 இல் செனட்டில் தனியாக நின்ற அந்த 2 பேர் வேய்ன் மோர்ஸ், எர்னெஸ்ட் குரூனிங். 1968 தேர்தலில் இருவரும் ஸ்தானம் இழந்தார்கள். மின்னசோட்டா ராஜ்யத்தின் செனட்டர் பால் வெல்ஸ்டன், 2002 இல் கடும் போட்டியில் மாட்டியிருந்தும், தேர்தலுக்கு நான்கு வாரம்கூட இல்லாத நிலையில் ஈராக் யுத்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். இப்படிப்பட்டவர்களை மதிக்கிறோம். ஆனால் இவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலக சமாதானத்தை ஒருசிலரின் மனசாட்சியை நம்பி விட்டுவிட முடியாது.

வேறு என்ன வழி? மோகம் பிடித்தவன் காற்றடிக்கும் பக்கம் சாய்வான். அப்படியானால் காற்றை நாம் உண்டாக்க வேண்டும். இதுவும் நடந்த கதைதான்.

1968 மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். யுத்தத்தை எதிர்த்து நின்ற செனட்டர் யூஜின் மெக்கார்த்தி, பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக 100க்கு 42 ஓட்டு வாங்கினார். வீடு வீடாகக் கதவைத் தட்டிய மாணவர்களின் வேலை அது. அதுவரை தயங்கி நின்ற ராபர்ட் கென்னடி நான்காம் நாளே போட்டியில் குதித்தார். 19 ஆம் நாள் ஜான்சன், இனி போட்டியிடமாட்டேன் என்று அறிவித்தார். ஜனங்கள் அசைந்தார்கள், நாற்காலிகள் அசைந்தன.

1967 இல் உலகக் குத்துச்சண்டை சாம்பியன் முகமது அலி, ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள். 5 வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் பணியவில்லை, 1971 இல் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. 1969 அக்டோபர் 15 அன்று லட்சக்கணக்கான அமெரிக்க மக்கள் யுத்தத்தை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். இதெல்லாம் என்னைப் பாதிக்காது என்று நிக்சன் முன்கூட்டியே ஜம்பம் அடித்தார். ஆனால் நவம்பர் 1க்குக் கெடு வைத்து வட வியட்நாமைப் பெரும் அடி அடிக்க அவர் ரகசியமாகத் திட்டம் போட்டிருந்தார். அந்தக் கெடுவின் மரியாதையை வீதிக் கிளர்ச்சி கெடுத்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். திட்டம் மூலையில் போயிற்று. அன்று ஊர்வலத்தில் நடந்த ஒரு தையல்காரிக்கோ, ஒரு கார் தொழிலாளிக்கோ, தன் காலடி எத்தனை குண்டுகளைத் தடுத்தது என்பது தெரிந்திருக்காது. ஆனால் தடுத்தது.

சங்கத் தோழர்கள் காதில் ஒரு வார்த்தை. 1970 மே 8 அன்று நியூயார்க் நகரில் யுத்தத்தை எதிர்த்த மாணவர்களைக் கட்டடத் தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். நான்கு நாள் முன்புதான் ஓஹியோவில் 4 மாணவர்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக்குப் பலியாகியிருந்தார்கள். அந்த மாதமே நியூயார்க் கட்டடத் தொழிற்சங்கத் தலைவர் பீட்டர் பிரென்னன் வெள்ளை மாளிகை சென்று நிக்சனுக்குத் தொழிலாளியின் தலைக்கவசத்தைப் பரிசளித்தார். 1973 இல் அதே பிரென்னன் நிக்சனின் தொழில் மந்திரி! நாற்காலி ஆசை வெள்ளை மாளிகையில் மட்டும் குடியிருப்பதில்லை. சங்க ஆபீசுக்கும் வழி தெரிந்து வரும்.

ஆகவே எந்தத் தலைவராவது அயல்நாட்டைக் காட்டி மேசையைக் குத்திப் பேசும்போது நாம் நாலு கேள்வி கேட்போம். இவர் இதை ஏன் இப்போது பேசுகிறார், தேர்தல் எப்போது? போன தடவை என்ன பேசினார்? சண்டை வந்தால் யார் வீட்டுப் பிள்ளை போகும்? எவன் பெட்டி நிறையும்?

இந்த நாலு கேள்விக்கும் பி.ஏ. பட்டம் வேண்டாம். மில் வாசலில் கேட்கலாம், களத்துமேட்டில் கேட்கலாம். ஜான்சன் தன் டெலிபோனிலேயே கேட்டுப் பார்த்த கேள்விதான் இது: 6 குழந்தைகளின் தகப்பனை எதற்காக அங்கே அனுப்ப வேண்டும்? அவர் கேட்டுவிட்டு அனுப்பினார். அனுப்ப முடியாதபடி செய்வது அந்தக் குழந்தைகளின் வர்க்கத்துடைய வேலை.